நான்காம் பந்துக்கு ஒரு வட்டம்

புலவாயோவில் ஒரு மரச்சாமான் கடையில்
வாரநாட்களில் தவணைக் கணக்கு எழுதுகிறேன்.
கட்டாதவர் பெயருக்கு எதிரே சிவப்பு.
போட்டி நாட்களில் மைதானத்துத் தகரக் கூண்டில் ஸ்கோர்.
ரயில் பக்கமிருந்து வீசுகிறவனுக்கு நீல மை,
கோபுரப் பக்கத்துக்குப் பச்சை.
ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி.
கோட்டைத் தாண்டிய காலுக்கு வட்டம்.

லுங்கிசானி குமேடே வந்த வருடம்
நீலம் சீக்கிரம் தீர்ந்தது.
பத்தொன்பது வயது, இடக்கை.
ஓடிவரும்போது சத்தமே வராது.
பந்து விழுந்த பிறகுதான் சத்தம்,
அதுவும் பெரும்பாலும் ஸ்டம்பில்.
மெய்டன் ஓவருக்கு ஆறு புள்ளிகளை
கோடிழுத்து இணைப்பது வழக்கம்.
அவன் பக்கம் முழுக்க
மடோபோ குன்றுகள்போல் ஏறி இறங்கிக் கிடந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை,
பதினேழாவது ஓவர், நான்காம் பந்து.
கால் கோட்டுக்கு அப்பால் விழுந்தது.
ஒரு சாண் இருக்கும்.
நடுவர் கையை நீட்டினார்.
பார்த்தேன் என்று நானும் கையை உயர்த்தினேன்.
அதுதான் விதி,
எழுதுகிறவள் கை உயரும்வரை ஆட்டம் நகராது.
'பையனுக்குக் களைப்பு' என்றார் எதிரணிக் கணக்கர்.
தலையாட்டினேன்.
என் வட்டங்கள் எப்போதும் முட்டைபோல் இருக்கும்,
அது மட்டும் காம்பஸ் வைத்ததுபோல் வந்தது
என்று இப்போது தோன்றுகிறது.
இப்போது எதுவும் தோன்றும்.

ஹராரேயிலிருந்து இருவர் வந்து
பக்கத்தைப் படமெடுத்தார்கள்.
வழக்கத்துக்கு மாறாக எதையாவது கவனித்தீர்களா?
எண்களைக் கவனித்தேன் என்றேன்.
அவர்கள் கைப்பற்றிய போனில்
முந்தின இரவு பத்தரைக்கு வந்த ஒரு செய்தி,
அதில் இரண்டே எண்கள்: 17, 4.
எனக்கு முன்பே யாரோ
ஸ்கோர் எழுதிவிட்டார்கள்.

ஏழு ஆண்டுத் தடை.
லுங்கிசானி என்றால் 'சரிசெய்யுங்கள்' என்று பொருள்,
பத்திரிகைக்காரன் அதையே தலைப்பாக்கினான்.
கடையில் அதை வாசித்து விழுந்து விழுந்து சிரித்தவனுக்கு
மூன்று மாதத் தவணை பாக்கி.

ஐந்து மாதமாகச் சம்பளம் வரவில்லை
என்றானாம் விசாரணையில்.
எனக்கும்தான் வரவில்லை.
ஆனால் என் பேனாவுக்கு யாரும் விலை கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
என்று தொடங்கிய வரியை அடித்துவிட்டேன்.

நேற்று மின்வெட்டு. லுவேவேக்குப் போக
கைகாட்டிய முதல் வண்டியில் ஏறினேன்.
பழைய ஹோண்டா ஃபிட். பின்னால் நால்வர்,
டிக்கியில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள்,
முன்னிருக்கையில் நானும்
மடியில் முட்டைத் தட்டோடு ஒருத்தியும்.
அந்தக் கார்தான்.
தீர்ப்பில் அதன் பதிவு எண் இருந்தது,
எண்கள் எனக்கு மறப்பதில்லை.
கியர்க் குமிழின் மேல் அவன் இடக்கை,
இரண்டு விரல்கள் சேர்ந்து
தையலைத் தேடுவதுபோல்.
என்னை அடையாளம் தெரிந்ததா, தெரியாது.
தகரக் கூண்டுக்குள் இருப்பவளின் முகத்தை
ஆடுகிறவர்கள் பார்ப்பதில்லை,
கை மட்டும்தான் தெரியும்.

சிக்னல் செத்துக் கிடந்தது.
மற்ற வண்டிகள் மூக்கை நீட்டி முண்டின.
அவன் வெள்ளைக் கோட்டுக்கு
ஒரு சாண் பின்னால் நிறுத்தினான்.
பின்னாலிருந்து ஹாரன், வசவு.
டிக்கியில் ஒரு பிள்ளை சிரித்தது.
முட்டைகள் அசையவில்லை.

இறங்கியதும் சில்லறை இல்லை என்றான்.
எனக்கும் முட்டைக்காரிக்கும் சேர்த்து
ஒரே ஐந்து ராண்ட் நாணயம்.
என் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

போகிற வண்டியைப் பார்த்து
என் கை தானாக உயர்ந்தது. பழக்கம்.
'இன்னொரு வண்டியா பிடிக்கப் போகிறாய்?' என்றாள் அவள்.
'முதலில் இதை மாற்று,
பாதி என்னுடையது.'